வீட்டு வைஃபை ரவுட்டர்: பொருத்தும் நாள் முதல் பழுது பார்ப்பது வரை

"நெட் ரொம்ப ஸ்லோ" என்று புகார் போகும் வீடுகள் பலவற்றில் நெட் சரியாகத்தான் வந்துகொண்டிருக்கும். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் ஃபைபர் லைன் ஒன்று. அந்த லைன் வந்து சேரும் பெட்டியிலிருந்து உங்கள் போன் வரைக்கும் காற்றில் போகும் வைஃபை வேறொன்று. இரண்டும் தனித்தனியாகக் கெடும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று சரியாகிவிடாது. படுக்கையறையில் வீடியோ நின்று நின்று ஓடுகிறதே என்று 100 எம்பிபிஎஸ் பிளானை 300க்கு மாற்றினால் மாதாமாதம் பணம் கூடுதலாகப் போகும், படுக்கையறையில் வீடியோ அப்படியேதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: கோளாறு லைனிலா, வைஃபையிலா?

தமிழ்நாட்டில் ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கும் ஒரு சாதாரண வீட்டை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெரிய நிறுவனத்தின் இணைப்பானாலும் உள்ளூர் கேபிள்காரர் கொடுத்ததானாலும் முறை ஒன்றுதான்.

பெட்டியில் எரியும் விளக்குகள்

நிறுவனம் கொடுக்கும் வெள்ளைப் பெட்டியை நாம் மோடம் என்கிறோம், பொருத்த வருகிறவர் ஓஎன்டி அல்லது ஓஎன்யூ என்பார். அது மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. கண்ணாடி இழை வழியே வரும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றுகிறது. ஒரே இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. வைஃபையாகக் காற்றில் அனுப்புகிறது. நடுவில் இருக்கும் அந்தப் பிரித்துக் கொடுக்கும் வேலைதான் உண்மையில் ரவுட்டர்.

விளக்குகளைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் புகார்களுக்கு அங்கேயே விடை கிடைக்கும். 'பான்' விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் ஒளி வந்து சேருகிறது, எக்ஸ்சேஞ்சுடன் பேச்சும் நடக்கிறது. அது விட்டுவிட்டு எரிந்தால் பதிவாக முயன்றுகொண்டிருக்கிறது. 'எல்ஓஎஸ்' சிவப்பாகக் கண் சிமிட்டினால் ஒளியே வரவில்லை: எங்கோ லைன் அறுந்திருக்கிறது, அல்லது மடிந்திருக்கிறது, அல்லது பெட்டியின் பின்னால் இருக்கும் கனெக்டர் (பெரும்பாலும் பச்சை நிறம்) சரியாக அமரவில்லை. கனெக்டரை ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். அதற்குமேல் எத்தனை முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பயனில்லை, ஆள்தான் வர வேண்டும். 'பான்' நன்றாக இருந்து 'இன்டர்நெட்' விளக்கு மட்டும் எரியாவிட்டால் லைன் சரி, லாகின் ஆகவில்லை. பில் கட்டினோமா என்று முதலில் பார்க்க வேண்டிய நேரம் அது.

இன்னும் நுட்பமாகத் தெரிய வேண்டுமென்றால் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளியின் பலம் டிபிஎம் அளவில் இருக்கும். அது மைனஸ் எண். மைனஸ் 20 நல்ல நிலை. மைனஸ் 27ஐ நெருங்கினால் இணைப்பு விட்டுவிட்டு அறுபடத் தொடங்கும். பொருத்திய அன்றே இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோளாறு வரும்போது அன்று மைனஸ் 19, இன்று மைனஸ் 28 என்று சொல்ல முடிந்தால், அதற்குமேல் வாதமே தேவைப்படாது.

ஃபைபர் ஒயரைச் சன்னல் கதவிடுக்கில் நசுக்கவோ, இறுக்கமாகச் சுருட்டிக் கட்டவோ கூடாது. மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைத்தால் ஒளி கசியும். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள்.

வேகத்தை மூன்று இடத்தில் அளங்கள்

சோபாவில் உட்கார்ந்து போனில் எடுத்த ஸ்பீடு டெஸ்ட் லைனைப் பற்றி எதுவும் சொல்லாது. வரிசையாக இப்படிச் செய்யுங்கள்.

1. லேப்டாப்பை லேன் கேபிளில் நேராகப் பெட்டியுடன் இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு அளங்கள். இது லைனின் வேகம்.
2. பெட்டி இருக்கும் அதே அறையில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் (பெட்டி அனுப்பும் இரண்டு அலைவரிசைகளில் வேகமானது) போனில் அளங்கள்.
3. தொல்லை தரும் அறைக்குப் போய் அதே போனில் மறுபடி அளங்கள்.

முதல் எண்ணே குறைவென்றால் நிறுவனத்திடம் பேச வேண்டும். முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது சரிந்தால் சுவரும் தூரமும்தான் காரணம். நிறுவனம் செய்வதற்கு ஒன்றுமில்லை, நீங்கள் செய்ய நிறைய இருக்கிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. 200 அல்லது 300 எம்பிபிஎஸ் பிளான் இருந்தும் கேபிளில் 94, 95க்கு மேல் ஏறவில்லை என்றால் லைனைச் சந்தேகிக்காதீர்கள். பெட்டியின் போர்ட் அல்லது உங்கள் கேபிள் 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது. லேன் கேபிளுக்குள் எட்டு ஒயர்கள் உண்டு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும், ஒரு ஜிபிபிஎஸ்ஸுக்கு (1,000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் வேகம் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றிப் பாருங்கள். கேட்-5இ வகையே 100 மீட்டர் வரை ஒரு ஜிபிபிஎஸ் தாங்கும்; வீட்டுக்கு அதைவிட விலை கூடியது தேவையில்லை.

எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட். டவுன்லோடு காட்டும் எம்பி என்பது மெகாபைட், அதாவது எட்டு மடங்கு. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி இறங்கும். ஒரு ஜிபி படம் முழுதாக இறங்க 80 நொடியாவது ஆகும். டவுன்லோடு 11, 12 என்று காட்டினால் லைன் முழுதாகவே வருகிறது.

வைக்கும் இடம்

செலவில்லாமல் அதிக மாற்றம் தருவது இதுதான். பொருத்த வருகிறவர் ஒயர் உள்ளே நுழையும் இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவார்: வாசல் சன்னல் ஓரம், டிவிக்குப் பின்னால், ஷூ ராக்குக்கு மேலே. அலைகளில் பாதி தெருவுக்குப் போய்விடும். ஃபைபர் ஒயரை வீட்டுக்குள் இன்னும் பத்துப் பதினைந்து மீட்டர் இழுப்பது பொருத்தும் அன்று சில நிமிட வேலை. "ஒயரை நடு ஹால் வரைக்கும் இழுத்துக் கொடுங்கண்ணா" என்று அன்றே கேட்டுவிடுங்கள். கூடுதல் ஒயருக்குச் சிறு தொகை கேட்டாலும் கொடுக்கலாம். பின்னால் ரிப்பீட்டருக்கும் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) மெஷ்ஷுக்கும் (ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல வைஃபை பெட்டிகளின் தொகுப்பு) கொடுக்கப் போவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

வீட்டின் நடுப்பகுதி, தலை உயரம், திறந்த இடம். இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். நம் வீடுகள் வைஃபைக்கு எளிதானவை அல்ல. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே கணிசமாகக் குறைத்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அதைவிட மோசம். ஸ்டீல் பீரோ, ஆளுயரக் கண்ணாடி, ஃப்ரிட்ஜ் ஆகியவை அலையைத் திருப்பிவிடும். மீன் தொட்டியும் தண்ணீர் டிரம்மும் உறிஞ்சிவிடும். பெட்டியையும் படுக்கையறையையும் மனத்தில் ஒரு கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டில் பீரோ நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பெட்டியை ஓரடி நகர்த்துவதே வித்தியாசம் காட்டும்.

பெட்டியை மரக் கபோர்டுக்குள் பூட்டுவதும், செட்டாப் பாக்ஸ் மேல் அடுக்குவதும் வேண்டாம். சித்திரை வெயிலில் மேல்மாடி அறையில் பெட்டி சூடேறித் தானாக ரீஸ்டார்ட் ஆவது சாதாரணமாக நடக்கும். ஆன்டெனாவின் பக்கவாட்டில்தான் அலை பலமாகப் போகும், நுனி காட்டும் திசையில் குறைவு. ஒரே தளமென்றால் எல்லாம் நிமிர்ந்து நிற்கட்டும். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்கையாக வையுங்கள்.

2.4, 5: எதை எதற்கு

2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைக் கடக்கும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஒரு சுவர் தாண்டியதும் தளர்ந்துவிடும். இது பலருக்கும் தெரியும். 2.4இல் நெரிசல் எவ்வளவு என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டுப் பெட்டிகள் அந்த மூன்றைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அருகேதான் இயங்குகிறது. சூடுபண்ணும் நேரத்தில் மட்டும் நெட் தடுமாறினால் காரணம் அதுவே. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டு, மூன்றில் கூட்டம் குறைந்த சேனலைத் தேர்ந்தெடுங்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40க்கு மாற்றினால் அக்கம்பக்கத்து இரைச்சலையும் சேர்த்து இழுத்துக்கொள்வீர்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரையோ 149 முதல் 161 வரையோ வைப்பது நிம்மதி. இடையில் இருக்கும் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாருக்கும் பொதுவானவை. ரேடார் போல ஏதாவது கேட்டால் பெட்டி அந்த இடத்தைக் காலி செய்தாக வேண்டும்; நடுவில் வீடியோ கால் அறுந்துபோகும்.

அதே ஆப் வைஃபை சிக்னலின் பலத்தையும் டிபிஎம் அளவில் காட்டும். மைனஸ் 65 அல்லது அதைவிட நல்ல எண் (மைனஸ் 50 போல) இருந்தால் வீடியோ காலுக்குக் கவலை இல்லை. மைனஸ் 75இல் தடுமாறும். மைனஸ் 80 தாண்டினால் இணைந்திருப்பதாகக் காட்டும், எதுவும் ஓடாது.

இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயரா, தனிப் பெயரா? ஒரே பெயர் என்பதுதான் என் பரிந்துரை. வீட்டில் பெரியவர்களுக்கு மாற்றி மாற்றி இணைக்கும் தொல்லை இருக்காது. ஸ்மார்ட் பல்பு, கேமரா போன்றவை பெரும்பாலும் 2.4 மட்டுமே அறிந்தவை. அவை இணைய மறுத்தால் அப்போது மட்டும் 5ஐச் சற்று நேரம் அணைத்து, இணைத்து முடித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

முதல் நாளே மாற்ற வேண்டியவை

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.1.1 அல்லது அதுபோன்ற முகவரியும் லாகின் விவரமும் இருக்கும். பிரவுசரில் அதைத் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும்.

முதலில் இணைப்பு விவரங்கள் இருக்கும் பக்கத்தைப் போட்டோ எடுங்கள். பிபிபிஓஇ யூசர்நேம் (பெட்டி நிறுவனத்திடம் லாகின் ஆகும் பெயர்), விலேன் எண் (லைனில் உங்கள் நெட் வரும் பாதையின் எண்) ஆகியவை அங்கே இருக்கும். பாஸ்வேர்டு மறைந்திருந்தால் பொருத்தியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பின்னால் இருக்கும் சின்ன ரீசெட் துளையை யாராவது பத்து நொடி அழுத்திவிட்டால் இவை எல்லாம் அழிந்துவிடும். பல பெட்டிகளில் இந்த விவரம் இல்லாமல் நெட் திரும்ப வராது.

அடுத்து அட்மின் பாஸ்வேர்டு. இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, பெட்டிக்குள் நுழையும் சாவி. கம்பெனி வைத்த அட்மின், அட்மின் என்பதையே விட்டுவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 2016இல் மிராய் என்ற நிரல் காட்டியது. கம்பெனி வைத்த யூசர்நேம், பாஸ்வேர்டுகளில் அறுபதுக்குச் சற்று அதிகமானவற்றின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அது லட்சக்கணக்கான வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த அக்டோபரில் அவற்றை ஏவி நடந்த தாக்குதலில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல மணி நேரம் தடைபட்டன. தாக்கிய கருவிகளின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

வைஃபை பாஸ்வேர்டாகப் போன் நம்பர், வீட்டுப் பெயர், பிள்ளையின் பிறந்த நாள் எதுவும் வேண்டாம். எட்டு முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் (புளி, சன்னல், ஏணி, மழை என்பதுபோல, இதையே வைக்காமல் உங்களுக்கென்று நான்கு எடுங்கள்) நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்தது இருந்தால் அதையும், இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்ஸையும் தேர்ந்தெடுங்கள். பழைய வகையான டபிள்யூஇபி 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது. அதைத் தொடவே வேண்டாம்.

பாஸ்வேர்டு தட்டாமல் பட்டனாலோ ஒரு எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள். அதன் ரகசிய எண் எட்டு இலக்கம், பத்துக் கோடி சாத்தியம் என்று தோன்றும். கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். மீதி ஏழையும் பெட்டி நான்கு, மூன்று என்று இரண்டு துண்டாகச் சரிபார்க்கிறது. ஆகவே 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முயற்சியில் கதவு திறந்துவிடும். 2011இல் இது வெளியானது. இன்றும் பல பெட்டிகளில் அந்த வசதி ஆனில் இருக்கிறது.

வெளியிலிருந்து நிர்வகிக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' ஆனில் இருந்தால் அணையுங்கள். மென்பொருள் அப்டேட் வந்திருக்கிறதா என்று இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். உறவினர், வாடகைக்கு இருப்பவர், ஸ்மார்ட் டிவி, மலிவு விலைக் கேமரா எல்லாவற்றையும் கெஸ்ட் நெட்வொர்க்கில் சேருங்கள். உங்கள் லேப்டாப்பை அவற்றால் எட்ட முடியாது. வைஃபை பெயரை மறைப்பதிலும், கருவி முகவரியை வைத்து வடிகட்டுவதிலும் நேரம் செலவிட வேண்டாம். தெரிந்தவர் இரண்டையும் எளிதில் தாண்டுவார், உங்களுக்குத்தான் சிரமம்.

பாஸ்வேர்டைத் தெருவுக்கே கொடுப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். உங்கள் இணைப்பிலிருந்து யாராவது மிரட்டல் அனுப்பினாலோ மோசடி செய்தாலோ, விசாரணை முதலில் வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான்.

மாடிக்கும் பின்கட்டுக்கும் எட்டவில்லையா

மக்கள் முதலில் வாங்குவது ரிப்பீட்டர். சிக்னல் செத்துப்போன அறையிலேயே அதைச் சொருகுவதால் அது செத்த சிக்னலையே திருப்பிச் சொல்கிறது. வாங்கியிருந்தால் பாதி வழியில் வையுங்கள். சிக்னலை வாங்குவதும் அனுப்புவதும் ஒரே அலைவரிசையில் நடக்கும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

என் முதல் தேர்வு எப்போதும் ஒயர். ஒரு லேன் கேபிளை மாடிக்கு இழுத்து, அலமாரியில் தூங்கும் பழைய ரவுட்டரை அங்கே வைத்தால் போதும். அதைத் தயார் செய்வது இப்படி:

1. பழைய ரவுட்டரை ரீசெட் செய்து, லேப்டாப்பில் தனியாக இணைத்து அமைப்புப் பக்கத்தைத் திறங்கள்.
2. 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' (வைஃபை மட்டும் தரும், முகவரி பங்கிடாத நிலை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், 3, 4ஐ விட்டுவிடலாம்.
3. இல்லாவிட்டால் அதன் முகவரியை முதன்மைப் பெட்டியின் வரிசையிலேயே, வேறு எந்தக் கருவிக்கும் போகாத எண்ணாக மாற்றுங்கள். முதன்மை 192.168.1.1 என்றால் இது 192.168.1.2.
4. டிஹெச்சிபியை அணையுங்கள். முகவரி கொடுக்கும் வேலையை வீட்டில் ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும். இரண்டும் செய்தால் முகவரிகள் குழம்பி நெட் தடுமாறும். கேபிளை இதன் லேன் போர்ட்டில் சொருகுங்கள், இன்டர்நெட் போர்ட்டில் அல்ல.
5. கீழே இருக்கும் அதே வைஃபை பெயர், அதே பாஸ்வேர்டு, அதே பாதுகாப்பு வகை. சேனல் மட்டும் வேறு: கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11.

மாடி ஏறும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். ஒயர் இழுக்கவே வழியில்லாத வாடகை வீட்டில் மெஷ் வாங்கலாம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஒவ்வொரு அறைக்கும் ஒரு காலிக் குழாயாவது விட்டுவையுங்கள்.

சொந்த ரவுட்டர் வாங்குவதென்றால்

நிறுவனப் பெட்டியின் வைஃபை போதவில்லை என்றால் மட்டும். அட்டையில் ஏஎக்ஸ்1500 என்று போட்டிருப்பது 5 கிகாஹெர்ட்ஸின் 1,201 எம்பிபிஎஸ்ஸையும் 2.4இன் 300ஐயும் கூட்டிய கணக்கு. ஒரு போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும், கைக்குக் கிடைப்பது அதிலும் பாதிக்குச் சற்று மேல். ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். எல்லாப் போர்ட்டும் கிகாபிட்டா, வைஃபை 6 இருக்கிறதா, டபிள்யூபிஏ3 இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான ஏசி1200 பெட்டிகள் சிலவற்றில் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். அதன் பின்னால் 300 பிளான் போட்டால் மீதி 200 வீண்.

வாங்கிய பின் நிறுவனப் பெட்டியை 'பிரிட்ஜ் மோடு'க்கு (ரவுட்டர் வேலையை உங்கள் பெட்டியிடம் விட்டுவிடும் நிலை) மாற்றித் தரச் சொல்லுங்கள். அதற்கு மறுத்தால் உங்கள் ரவுட்டரையும் ஆக்சஸ் பாயின்டாகவே ஓட்டலாம், பழுதில்லை.

கரண்ட் போனால்

எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு வரையிலான ஃபைபர் பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை. ஒரே இழையின் ஒளியை 32, 64 வீடுகளுக்கு அவை வெறுமனே பங்கிடுகின்றன. அதனால் தெருவே இருண்டாலும் லைன் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தால் போதும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று அதைச் செய்யும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் யுபிஎஸ்ஸின் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்ப் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

பெட்டி அடிக்கடி தானாக அணைந்து எரிந்தால் பெட்டியைக் குறை சொல்லும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை இடியின்போது அடாப்டரையும் லேன் கேபிளையும் பிடுங்கி வையுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, செம்பு கடத்தும்.

நெட் நின்றுவிட்டால்

விளக்குகளைப் பாருங்கள். 'எல்ஓஎஸ்' சிவப்பென்றால் நேராகப் புகார். விளக்குகள் சரியென்றால் இன்னொரு கருவியில் முயலுங்கள். ஒன்றில் மட்டும் வராவிட்டால் கோளாறு அந்தக் கருவியில். வாட்ஸ்அப் ஓடுகிறது, இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். பிறகு பெட்டியை அணைத்து, அரை நிமிடம் விட்டு ஆன் செய்து, மூன்று நான்கு நிமிடம் பொறுங்கள். ரீசெட் துளையைத் தொடாதீர்கள்.

புகார் செய்யும்போது "நெட் வரல" என்று சொன்னால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி வைத்துவிடுவார்கள். "பான் பச்சை, கேபிளில் நேராக அளந்தால் 100க்கு 18 வருகிறது, ஒளி மைனஸ் 28" என்று சொல்லுங்கள். டாக்கெட் எண்ணை, அதாவது புகார் எண்ணை, வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த நாளுக்குள் தீராவிட்டால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிகளின்படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அந்த டாக்கெட் எண் கையில் இருந்தால் போதும்.